எண் குத்தாத வண்டி லைனைத் தாண்டாது

(காஞ்சிபுரம் மாவட்ட ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில், மேல்நிலைப்பள்ளிக் கணினி பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று காலை இங்கு வந்து சேர்வதற்குள் நம்மில் பலர் ஒரகடம் கூட்டுச் சாலையில் நின்றிருப்போம். புதுக் கார்களை அடுக்கிய நீண்ட டிரெய்லர்கள் ஒருபக்கம், ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிவரும் கம்பெனிப் பேருந்துகள் மறுபக்கம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளிவந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி செய்யத் தொடங்கியது. 2014-இல் அந்த ஆலை நின்றுபோனது. 2010-இல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் வந்தது. இந்தச் சாலையின் இருபுறமும் இருக்கும் நம் பள்ளிகளில், வீட்டில் ஒருவராவது லைனில் நிற்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

நான் இன்று பேசப்போவது ஒரே ஒரு பாடம். பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியிலும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியிலும் வரும் ‘ஆக்கி’. கணினிப் பாடம் எடுக்காத தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் எழுந்துவிட வேண்டாம். இந்தப் பாடத்தில் உங்களுக்கும் வேலை இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்முறைப் பாடவேளை. ‘கார் என்று ஓர் இனக்குழு எழுதி, ஒரு பொருளை உருவாக்கி, அதன் விவரங்களை அச்சிடுங்கள்’ என்று சொல்லியிருந்தேன். ஒரு மாணவி எழுதினாள். ஆக்கி என்றால் என்ன என்று கேட்டால் புத்தக வரையறையை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கக்கூடியவள். அவள் நிரலில் ஆக்கி இருந்தது; ஆனால் அது எல்லா விவரங்களுக்கும் வெற்றுச் சரத்தைத்தான் வைத்தது. வெற்று அடைப்புக்குறி போட்டுப் பொருளை உருவாக்கிவிட்டு, அடுத்த மூன்று வரிகளில் வெளியிலிருந்தே எண், நிறம், மாடல் எல்லாவற்றையும் நிரப்பியிருந்தாள். வெளியீடு சரியாக வந்தது. முழு மதிப்பெண் போட்டேன்.

பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்து எழுதினாள். ஒரு வரியை விட்டுவிட்டாள். சேசிஸ் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக அச்சானது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. ‘ஒரு வரி விட்டுப்போச்சு பாரு, சேர்த்துக்கோ’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அப்போது முதல் மாணவி கேட்டாள்: ‘மிஸ், எங்க அப்பா வேலை செய்யற இடத்துல எண் குத்தாத வண்டி லைனைத் தாண்டாது. இதுல மட்டும் எப்படி மிஸ் தாண்டுச்சு?’

அந்தக் கேள்விக்கான பதில் என் பாடக்குறிப்பிலேயே இருந்தது. ஆனால் அதை ஒரு கேள்விக்குப் பதிலாக நான் ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. வரையறையாகத்தான் சொல்லித் தந்திருந்தேன். ‘பொருள் உருவாகும்போது தானாக அழைக்கப்படும் சிறப்புச் செயற்கூறு ஆக்கி எனப்படும்.’ சரியான வாக்கியம்தான். ஆனால் எதற்காக அது தேவை என்று அதில் இல்லை.

இனி தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கேட்கிறேன். ஜூன் மாதத்தில் முதல் வகுப்பில் ஒரு குழந்தையைச் சேர்க்கிறீர்கள். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் இல்லாமல் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவீர்களா? எமிஸ் தளத்தில் கட்டாயக் கட்டங்களைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடுமா? ஆனால் அந்தக் குழந்தையின் வருகை நாள்களை நீங்கள் கேட்பதில்லை. அது சுழியத்தில் தொடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எவை பிறக்கும்போதே வேண்டும், எவை தாமாகத் தொடங்கும், எவை பின்னால் வரும் என்று பிரித்துவிட்டீர்கள். ஆக்கி எழுதுகிறவர் செய்கிற முதல் வேலை இதுதான். சேர்க்கையில் ஒரு தலைப்பெழுத்து தவறினால் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அனுப்பும்போதுதான் அது தெரியவரும். அப்போது அந்தக் குடும்பம் வேலையை விட்டுவிட்டு அலையும். தொடக்கத்தில் தடுக்காத பிழைக்குப் பின்னால் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்.

இப்போது காருக்கு வருவோம். உலகின் பெரும்பாலான வண்டிகளுக்கு 17 குறிகள் கொண்ட அடையாள எண் உண்டு. ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வராது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் விலக்கிவிட்டார்கள். முதல் மூன்று குறிகள் தயாரிப்பாளரைச் சொல்லும். இருங்காட்டுக்கோட்டைக் கார்களில் அது எம்.ஏ.எல்.; ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்யப்படும் ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் எம்.இ.3. இந்த எண்ணைப் பின்னால் மாற்றக் கூடாது. நிறத்தை மாற்றலாம், ஆனால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். ஓடிய தூரம் 0-இல் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். மூன்று விவரங்கள், மூன்று விதம்.

இதைப் பலகையில் நான் முதலில் தமிழிலேயே எழுதுகிறேன்:

இனக்குழு கார்:
    ஆக்கி(தன், எண், நிறம், ஓடிய_தூரம் = 0):
        தன்.எண்ணைச்_சரிபார்(எண்)
        தன்.எண் = எண்
        தன்.ஓடிய_தூரம் = ஓடிய_தூரம்
        தன்.நிறம்_பூசு(நிறம்)
        தன்.அட்டை_ஒட்டு()

    செயற்கூறு எண்ணைச்_சரிபார்(தன், எண்):
        எண்ணின் நீளம் 17 இல்லையென்றால் பிழை எழுப்பு

    செயற்கூறு நிறம்_பூசு(தன், புது_நிறம்):
        தன்.நிறம் = புது_நிறம்

    செயற்கூறு அட்டை_ஒட்டு(தன்):
        தன்.எண், தன்.நிறம் இரண்டையும் அச்சிடு

பைத்தானில் ‘இனக்குழு’ என்ற இடத்தில் கிளாஸ், ‘ஆக்கி’ என்ற இடத்தில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோட்டுடன் இனிட், ‘செயற்கூறு’ என்ற இடத்தில் டெஃப், ‘தன்’ என்ற இடத்தில் செல்ஃப். பைத்தான் 3-இல் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓடும். சிறப்புச் சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆங்கிலத்துக்குத் தயங்கும் பிள்ளைகளிடம் இதை ஒருமுறை செய்து காட்டுங்கள்.

இந்த நிரலில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, அளபுருவும் செயலுருபும். வரையறையில் அடைப்புக்குறிக்குள் இருப்பது அளபுரு. அது காலிக் கட்டம். அழைக்கும்போது அனுப்புவது செயலுருபு. அது கட்டத்தில் விழும் மதிப்பு. பிள்ளைகள் இதை இரண்டு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் ஆக்கிக்குள் ‘தன்.நிறம்_பூசு(நிறம்)’ என்ற வரியைக் காட்டிக் கேளுங்கள்: ‘இங்கே நிறம் என்பது அளபுருவா, செயலுருபா?’ ஆக்கியின் தலைவரியில் அது அளபுரு. இந்த வரியில் அதே நிறம் செயலுருபாகி ‘புது_நிறம்’ என்ற அடுத்த கட்டத்துக்குக் கைமாறுகிறது. பெயர்கள் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை; வரிசைதான் முக்கியம். ‘கார்("வெள்ளை", எண்)’ என்று மாற்றி அனுப்பினால் வெள்ளை என்பது எண்ணாகப் போகும். நம் நிரலில் நீளம் 17 இல்லை என்று சரிபார்ப்பிலேயே மாட்டிக்கொள்ளும். சரிபார்ப்பு இல்லாத நிரலில் மாட்டாது.

இரண்டாவது, ‘தன்’. ‘ஒரே ஒரு நிறத்தைத்தானே அனுப்பினேன்? இரண்டு செயலுருபு கொடுத்திருக்கிறாய் என்று கணினி ஏன் திட்டுகிறது?’ செல்ஃப் எழுத மறந்த ஒவ்வொரு பிள்ளையும் கேட்கும் கேள்வி இது. பெயிண்ட் கூடத்தை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே நிற்பவருக்கு வந்து சேர்வது இரண்டு. ஆர்டர் சீட்டில் எழுதிய நிறம் ஒன்று. லைனில் தானாக நகர்ந்து வந்து அவர் முன்னால் நிற்கும் வண்டி மற்றொன்று. வண்டியை யாரும் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. ஆனால் அது வராமல் நிறத்தை எதில் பூசுவது? ‘வண்டி1.நிறம்_பூசு("சிவப்பு")’ என்றால் சிவப்பு நாம் அனுப்பியது, வண்டி1 தானாக வந்து நிற்பது. அதை வாங்கிக்கொள்ள ஒரு கட்டம் வேண்டும்; அதுதான் தன். ஆக்கி ஓடத் தொடங்கும்போதே வெறும் கூடாக ஒரு பொருள் உருவாகி நிற்கிறது. அதனால்தான் ஆக்கிக்கும் முதல் அளபுரு தன்.

இதையொட்டி ஒலியில்லாமல் நடக்கும் இரண்டு பிழைகள் உண்டு. ‘தன்.எண் = எண்’ என்பதற்குப் பதில் ‘எண் = எண்’ என்று எழுதுவது ஒன்று. சீட்டில் இருப்பதைச் சீட்டிலேயே மறுபடி எழுதியதுபோல அது வீண். ஆக்கி முடிந்ததும் சீட்டு குப்பைக்குப் போய்விடும், வண்டியில் எதுவும் பதியாது. மற்றொன்று, ‘தன்.அட்டை_ஒட்டு’ என்று அடைப்புக்குறி இல்லாமல் விடுவது. அது ஆளைச் சுட்டிக்காட்டுவது மட்டுமே, அழைப்பது ஆகாது. பைத்தான் எந்தப் பிழையும் சொல்லாது, அட்டையும் ஒட்டப்படாது.

மூன்றாவது, வரிசை. ‘அட்டை_ஒட்டு’ என்ற வரியை ஆக்கியின் முதல் வரியாக மாற்றி ஓடவிடச் சொல்லுங்கள். அட்ரிபியூட் எரர் வரும். தன்.எண் இன்னும் பதியவில்லை, எதை அச்சிடுவது? ஆக்கிக்குள் ஒரு செயற்கூறை அழைக்கத் தடை இல்லை. ஆனால் அந்தச் செயற்கூறுக்குத் தேவையானவை அதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். ‘எண்ணைச்_சரிபார்’ மட்டும் ஏன் எல்லாவற்றுக்கும் முன்னால் வர முடிந்தது? அது தன்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. அளபுருவாக வந்த எண்ணை மட்டுமே பார்க்கிறது. எந்தச் செயற்கூறுக்கு அளபுரு வழியாகக் கொடுக்க வேண்டும், எது பொருளிடமிருந்தே எடுத்துக்கொள்ளும் என்ற வேறுபாடு இந்த ஓர் இடத்தில் தெளிவாகிவிடும்.

நான்காவது, மறுக்கும் உரிமை. சரிபார்ப்பில் பிழை எழுந்தால் ஆக்கி பாதியில் நிற்கும். வண்டி1 என்ற பெயருக்குப் பொருள் போய்ச் சேராது. அரைகுறை வண்டி லைனைத் தாண்டவில்லை. என் மாணவியின் கேள்விக்குப் பதில் இதுதான். எண்ணை அளபுருவாகக் கேட்கும் ஆக்கி இருந்திருந்தால், வெற்று அடைப்புக்குறியுடன் கார் செய்ய முயன்றபோதே டைப் எரர் வந்திருக்கும். அந்தப் பிழைச்செய்தியைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அது தண்டனை இல்லை, லைனில் எரியும் சிவப்பு விளக்கு என்று சொல்லுங்கள்.

ஐந்தாவது, சி++ படித்துவிட்டு வரும் பிள்ளைகளின் சிக்கல். அங்கே அளபுரு இல்லாத ஆக்கி ஒன்று, அளபுருவுள்ள ஆக்கி ஒன்று என்று பலவற்றை ஒரே இனக்குழுவில் எழுதலாம். செயலுருபுகளைப் பார்த்து எது என்று நிரல்பெயர்ப்பி முடிவு செய்யும். நாம் எந்த ஆக்கியும் எழுதாவிட்டால் அதுவே ஒன்றைத் தரும். அளபுருவுள்ள ஒன்றை எழுதிவிட்டாலோ தராது. அதே பழக்கத்தில் பைத்தானிலும் இரண்டு இனிட் எழுதுகிறார்கள். பைத்தானில் இரண்டாவது எழுதியதுதான் நிற்கும். முதலாவது சத்தமில்லாமல் மறைந்துவிடும். பைத்தானில் அதற்கு வழி, முன்னிருப்பு மதிப்பு. ‘ஓடிய_தூரம் = 0’ என்று எழுதியது அதற்காகத்தான். புது வண்டிக்கு அதைச் சொல்ல வேண்டாம். பழைய வண்டியைப் பதியும்போது 42000 என்று சொல்லலாம். முன்னிருப்பு உள்ளவை எப்போதும் மற்ற அளபுருக்களுக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

இவ்வளவையும் கணினி இல்லாமலேயே ஒரு பாடவேளையில் நடத்தலாம். மின்சாரம் போன ஒரு நாளில்தான் நான் இதைத் தொடங்கினேன். நான்கு மேசைகளை வரிசையாகப் போடுங்கள். முதல் மேசையில் எண்ணைச் சரிபார்ப்பவர், இரண்டாவதில் அதை அட்டையில் எழுதுபவர், மூன்றாவதில் வண்ணம் தீட்டுபவர், நான்காவதில் எண்ணையும் நிறத்தையும் படித்துப் பெயர்ச்சீட்டு ஒட்டுபவர். வெற்றுக் கார் படம் வரைந்த அட்டை ‘தன்’. அதோடு வரும் ஆர்டர் சீட்டில் இருப்பவை செயலுருபுகள். ஒரு சீட்டில் 16 குறிகள் மட்டும் எழுதி அனுப்புங்கள். முதல் மேசையிலேயே நிற்கும். பிறகு இரண்டாவது மேசையையும் நான்காவது மேசையையும் இடம் மாற்றுங்கள். பெயர்ச்சீட்டு ஒட்டுபவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ‘எண்ணே இல்லையே!’ என்பார். அந்தக் குரலைப் பிள்ளைகள் அட்ரிபியூட் எரர் வரும்போதெல்லாம் நினைவுகூர்கிறார்கள். சீட்டில் கற்பனை எண்களை மட்டும் எழுதுங்கள். யாருடைய வீட்டு வண்டியின் எண்ணும் வேண்டாம்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு இதன் தொடர்ச்சியாகக் கைபேசி. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் செய்யும் ஆலைக்குப் போகும் அக்காக்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். ஒவ்வொரு கைபேசிக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. முதல் 8 இலக்கம் மாடலையும், அடுத்த 6 அந்தத் தனிக் கைபேசியையும் குறிக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. இடமிருந்து 2, 4, 6 என்று இரட்டை இடங்களில் உள்ள இலக்கங்களை இரண்டால் பெருக்க வேண்டும். ஈரிலக்கமானால் அந்த இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் அதுவே கடைசி இலக்கம். 49015420323751 என்ற மாதிரி எண்ணுக்குக் கூட்டுத்தொகை 52. எனவே 15-ஆவது இலக்கம் 8. ஓர் இலக்கம் தவறினால் இது கட்டாயம் கண்டுபிடித்துவிடும். கணக்கு ஆசிரியர் இதை ஆறாம் வகுப்பிலேயே விளையாட்டாக நடத்தலாம். மேல்நிலையில், இதைச் ‘சரிபார்’ என்ற செயற்கூறாக எழுதி ஆக்கிக்குள்ளிருந்து அழைக்கச் சொல்லுங்கள். இரண்டு சிம் உள்ள கைபேசிக்கு இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள் உண்டு, அப்படியானால் இரண்டாவது எண்ணை எப்படிக் கேட்பது? முன்னிருப்பு மதிப்பு என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

இந்த ஒப்புமை வலிந்து ஒட்டியதல்ல. 1960-களில் நார்வேயின் ஆஸ்லோ நகரில் ஓலே-யோகான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமுலா மொழியை உருவாக்கியதே, வரிசைகளும் ஆலைகளும் போன்றவை எப்படி இயங்கும் என்று கணினியில் நடத்திப் பார்ப்பதற்காகத்தான். இனக்குழு, பொருள் என்பவை அங்கிருந்து வந்தவை. சிமுலா 67-இலேயே இனக்குழுவுக்கு அளபுரு கொடுக்க முடியும். லைனில் நிற்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் அந்நியமானது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரவு ஷிப்ட் முடிந்து வரும் அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் பேசுவதில் பாதிப் பாடம் இருக்கிறது. அதை வகுப்புக்குள் கொண்டுவர இடம் கொடுப்பதுதான் நம் வேலை.

அந்த மாணவிக்கு நான் அன்று போட்ட முழு மதிப்பெண் தவறு. அவள் நிரலுக்கு அது அதிகம். அவள் கேட்ட கேள்விக்கு அது குறைவு. அதன் பிறகு என் செய்முறை வகுப்பில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். ஆக்கியின் வரையறையை வாய்மொழித் தேர்வில் கேட்பதில்லை. மாணவர் ஓர் இனக்குழுவின் பெயரைச் சொன்னதும் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: ‘இது எது இல்லாமல் பிறக்கவே கூடாது?’ நூலகப் புத்தகம், மின் இணைப்பு, சத்துணவுக் கணக்கு என்று எதைச் சொன்னாலும் அவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலே ஆக்கியின் அளபுருப் பட்டியல். அதை எழுதிக்கொண்டு போய் இயந்திரத்தின் முன் உட்காரச் சொல்கிறேன்.

உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள்.